ஒரு கல்வி, நான்கு வேலை

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபம் நினைவுக்கு வரும். அது வடக்கே உள்ள திருவண்ணாமலை.

தெற்கே இன்னொரு திருவண்ணாமலை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிறிய குன்று. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோவில். "தென் திருப்பதி" என்று மக்கள் சொல்வார்கள். புரட்டாசி சனிக்கிழமை வந்துவிட்டால், ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சுற்று வட்டாரக் கிராமங்களும் அங்கே திரண்டு விடும்.

படி ஏறும்போது உற்றார் உறவினர் எதிர்ப்படுகிறார்கள். நலம் விசாரிக்கிறார்கள். அடுத்த கேள்வி என்ன?

"மகன் என்ன படிக்கிறான்?"

"கம்ப்யூட்டர் என்ஜினீயரிங், அண்ணாச்சி."

"அப்படியானால் கவலை இல்லை."

உண்மையிலேயே கவலை இல்லையா?

இதுதான் இன்று ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி.

கவலை எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டர் படிப்பு பல ஆயிரம் குடும்பங்களை வாழ வைத்தது. அதை மறுப்பதற்கு இல்லை. நிலத்தை விற்றுப் படிக்க வைத்தார்கள். நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தார்கள். பிள்ளைகள் சென்னைக்குப் போனார்கள். பெங்களூருக்குப் போனார்கள். அமெரிக்காவுக்கும் போனார்கள். ஓட்டு வீடு மாடி வீடு ஆயிற்று. தங்கைக்குத் திருமணம் நடந்தது.

ஆனால் இந்தத் தொழில் ஓரிடத்தில் நிற்கும் தொழில் அல்ல. 22 வயதில் கற்றது 40 வயதில் பழசாகி விடுகிறது. மனிதன் எழுதிய புரோகிராமை இப்பொழுது எந்திரமே எழுதத் தொடங்கி விட்டது. கம்பெனிகள் ஆள் குறைப்பு செய்கின்றன.

45 வயதில் ஒருவருக்கு வேலை போகிறது. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. பிள்ளைக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டும். "எனக்கு இது ஒன்றுதானே தெரியும்? இனி என்ன செய்வேன்?" என்று அவர் திகைத்து நிற்கிறார்.

யார் திகைப்பது இல்லை?

தன் கல்வியை ஒரு வழியில் மட்டும் பயன்படுத்தாதவர் திகைப்பது இல்லை. கற்ற தொழிலைச் செய்யத் தெரிய வேண்டும். பத்துப் பேரை வைத்து அதை நடத்தத் தெரிய வேண்டும். இன்னொருவருக்குக் கற்பிக்கத் தெரிய வேண்டும். நாலு பேர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதத் தெரிய வேண்டும்.

செய்வது, நடத்துவது, கற்பிப்பது, எழுதுவது. கல்வி ஒன்று. வேலை நான்கு.

இது நடக்கக்கூடிய காரியமா? நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஈரோட்டில் பிறந்தவர்

ஈரோட்டில் 1933-ம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ராஜாராமன். இந்தியாவில் அப்போது கம்ப்யூட்டர் எந்திரமே கிடையாது.

டெல்லியில் கல்லூரியில் படித்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்தார். பிறகு அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். கான்பூரில் புதிதாகத் தொடங்கிய ஐ.ஐ.டி.யில் ஆசிரியர் ஆனார்.

1963-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கான்பூருக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. பெயர் ஐ.பி.எம். 1620. அட்டையில் துளை போட்டு அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்போனின் சக்தியில் ஒரு சிறு துளிகூட அதற்குக் கிடையாது. ஆனால் அன்று அது பெரும் பொக்கிஷம்.

பொக்கிஷத்தைப் பூட்டி வைப்பதுதான் வழக்கம். கான்பூரில் அப்படிச் செய்யவில்லை. மாணவர்கள் தாங்களே அதில் வேலை செய்யலாம் என்று திறந்து விட்டார்கள். வெளியூரில் இருந்த விஞ்ஞானிகளையும் என்ஜினீயர்களையும் அழைத்தார்கள். பத்தே நாளில் புரோகிராம் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். கற்றுக் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர் ராஜாராமன்.

நாராயண மூர்த்தி என்ற இளைஞர் அதே ஐ.ஐ.டி.யில் படித்து 1969-ல் மேல் பட்டம் பெற்றார். 1981-ல் இன்போசிஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் அவர் முதன்மையானவர். அந்தக் காலத்துக் கான்பூர் வகுப்புகள் எத்தகைய விதை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பாடம் புத்தகம் ஆயிற்று

மாணவர்களுக்குப் பாடம் சொல்ல நல்ல புத்தகம் இல்லை. வெளிநாட்டுப் புத்தகத்தின் விலையோ யானை விலை. ராஜாராமன் என்ன செய்தார்? வகுப்பில் சொன்ன பாடத்தையே எழுதினார். அது புத்தகம் ஆயிற்று. மாணவர்கள் வாங்கக்கூடிய குறைந்த விலையில் கிடைத்தது.

ஒரு புத்தகத்தோடு அவர் நிற்கவில்லை. அடுத்தடுத்து எழுதினார். நாடு முழுவதும் கல்லூரி மாணவர்கள் அவற்றைப் படித்தார்கள். கான்பூர் எங்கே இருக்கிறது என்று தெரியாத மாணவனும் அவரிடம் பாடம் கேட்டான். புத்தகம் வழியாகக் கேட்டான்.

எழுத்தின் பலம் இதுதான். வகுப்பில் ஐம்பது பேருக்குத்தான் இடம் உண்டு. புத்தகத்துக்குச் சுவர் கிடையாது.

நிர்வாகத்திலும் அவர் பின்வாங்கவில்லை. 1982-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அங்கே சூப்பர் கம்ப்யூட்டர் கல்வி ஆராய்ச்சி மையத்தின் தலைவராக 12 ஆண்டுகள் இருந்தார். பணம் கேட்டு வாங்க வேண்டும். எந்திரம் வாங்க வேண்டும். ஆட்களைச் சேர்க்க வேண்டும். எந்திரம் ஒரு நாள்கூடத் தூங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேராசிரியர் செய்த நிர்வாக வேலை இது.

1998-ம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 80 வயதைக் கடந்த பிறகும் அவர் எழுதினார். இந்தியாவில் கம்ப்யூட்டர் வளர்ந்த வரலாற்றையே எழுதினார். 2025-ல் தமது 92-வது வயதில் காலமானார்.

சிற்றூர் பிள்ளைக்குத் திறந்த கதவு

ராஜாராமன் செய்த இன்னொரு காரியம் நம் ஊர்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமானால் பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும். அந்த இடம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் நாட்டுக்குத் தேவைப்பட்ட ஆட்களோ ஏராளம்.

இதற்கு வழி கண்டுபிடிக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைவர் ராஜாராமன். பி.எஸ்.சி., பி.காம். போன்ற பட்டம் பெற்றவர்களும் கம்ப்யூட்டர் படிக்க ஒரு மேல் படிப்பு வேண்டும் என்று அந்தக் குழு கூறியது. அதுதான் எம்.சி.ஏ. 1980-களின் தொடக்கத்தில் பிறந்த படிப்பு அது. முதலில் 3 ஆண்டு படிப்பாக இருந்தது. 2020-ம் ஆண்டுக்குப் பிறகு 2 ஆண்டாகக் குறைந்தது.

எம்.சி.ஏ. படித்து வேலைக்குப் போன பிள்ளை இல்லாத தெரு விருதுநகர் மாவட்டத்தில் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். சிறு நகரத்துக் கல்லூரியில் கணக்குப் படித்த பெண்ணுக்கும் அந்தக் கதவு திறந்தது.

தான் ஏறிய ஏணியை அவர் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு ஏணியும் செய்து வைத்தார்.

விரல் தொட்ட எந்திரம்

"அவர் பேராசிரியர். அவருக்குக் கற்பிப்பதும் எழுதுவதும் எளிது. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு முடியுமா?" என்று சிலர் கேட்கலாம்.

அதற்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதிலின் பெயர் சுஜாதா.

சுஜாதா என்பது எழுத்தாளர் பெயர். மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். சொந்தப் பெயர் ரங்கராஜன். 1935-ல் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். திருச்சியில் பி.எஸ்.சி. படித்தார். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுத் தொழில் படித்தார். விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தார். பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குச் சென்றார். உயர்ந்த பொறுப்புகளை வகித்தார்.

தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் ஓர் எந்திரத்தைத் தொட்டிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் "பீப்" என்று சத்தம் வரும். அந்த மின்னணு வாக்கு எந்திரம் உருவானதில் ரங்கராஜனுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1982-ல் கேரளத்தில் பரவூர் தொகுதியில் இத்தகைய எந்திரத்தை முதன்முதலாக வைத்துப் பார்த்தார்கள். 2004-ல் நாடு முழுவதும் பாராளுமன்றத் தேர்தலே எந்திரத்தில் நடந்தது.

பகலில் தொழிற்சாலை. மற்ற நேரத்தில் எழுத்து. கதை எழுதினார். நாடகம் எழுதினார். சினிமாவுக்கு வசனம் எழுதினார். ஓய்வு பெற்ற பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். 2008-ல் காலமானார்.

கதைக்காக அவரைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் செய்த இன்னொரு வேலையை மறந்துவிடக் கூடாது. கம்ப்யூட்டர் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்திரிகைகளில் தமிழில் சொன்னார். பயமுறுத்தாமல் சொன்னார். சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காத சிறுவன், பெட்டிக் கடையில் வாங்கிய வார இதழில் அதைப் படித்தான். "நானும் இதைப் படிப்பேன்" என்று நினைத்தான்.

கரும்பலகை இல்லாமல் நடந்த வகுப்பு அது.

பஞ்சில் தொடங்கிய ஊர்

தனி மனிதருக்கு மட்டும்தான் இது பொருந்துமா? ஊருக்கும் பொருந்தும். ராஜபாளையமே சாட்சி.

அந்த ஊரைப் பஞ்சாலை ஊர் என்பார்கள். பி.ஏ.சி.ராமசாமி ராஜா அங்கே 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் கம்பெனியை நிறுவினார். பஞ்சு நூல் ஆயிற்று. அதோடு அந்தத் தொழில் குடும்பம் நிற்கவில்லை. 1957-ல் சிமெண்டுக் கம்பெனி தொடங்கியது. 1990-களில் கம்ப்யூட்டர் மென்பொருள் தொழிலில் இறங்கியது. ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி பிறந்தது. பஞ்சில் தொடங்கி, சிமெண்டு வழியாக, மென்பொருளுக்கு வந்து சேர்ந்தது ஒரு பாதை.

கல்வியும் கூடவே வளர்ந்தது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் என்ஜினீயரிங் கல்லூரி 1984-ல் தொடங்கியது. இப்போது அது பல்கலைக்கழகம். ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013-ல் தொடங்கியது. படிப்பதற்குப் பிள்ளைகள் வெளியூர் போக வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது.

பெரிய கம்பெனிகளை விட்டுவிடலாம். பஞ்சாலையில் வேலை பார்த்த ஒரு பிட்டரை எண்ணிப் பாருங்கள். எந்திரத்தைப் பழுது பார்க்கிறார். பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறார். புதிதாக வரும் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். எந்த எந்திரம் எப்போது நின்றது, எந்தப் பல்சக்கரம் மாற்றியது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார்.

செய்கிறார். நடத்துகிறார். கற்பிக்கிறார். எழுதுகிறார்.

பட்டம் இல்லாமலே நான்கு வேலையும் அவர் கையில் இருக்கிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் குடும்பத்திலும் இது உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அடுப்படியிலும் உண்டு. 2019-ல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பால் எப்போது கெட்டிப்படும், எப்போது இறக்க வேண்டும் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்காமல் அந்தப் பெயர் நிலைத்திருக்குமா?

பழமொழி தப்பா?

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்" என்று பழமொழி சொல்கிறது. அது தப்பா?

தப்பு இல்லை. பழமொழி நல்ல எச்சரிக்கை.

ஆறு மாதம் ஒரு வேலை. பிடிக்கவில்லை என்று அடுத்த வேலை. அதுவும் பிடிக்கவில்லை என்று மூன்றாவது வேலை. இது பல மரம் கண்ட தச்சன் கதை. கையில் ஒன்றும் தேறாது.

ராஜாராமன் பல மரம் தேடி அலையவில்லை. ஒரே மரத்தைப் பிடித்தார். அது கம்ப்யூட்டர். வேர் முதல் நுனி வரை அதை அறிந்தார். பிறகு அதே மரத்தில் நாற்காலியும் செய்தார், கதவும் செய்தார், ஏணியும் செய்தார். சுஜாதாவும் அப்படித்தான். தொழிற்சாலையில் கற்றது அவர் எழுத்துக்கு உரம் ஆயிற்று.

முதலில் ஒன்றை ஆழமாகக் கற்க வேண்டும். ஐந்து ஆண்டோ, பத்து ஆண்டோ அதில் ஊன்றி நிற்க வேண்டும். அதன் பிறகு கிளை விட வேண்டும். வேர் இல்லாமல் கிளை இல்லை. கிளை விடாத மரத்தில் நிழலும் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெற்றோர் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் அல்ல.

பிள்ளை எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் தாய்மொழியை விட்டுவிடக் கூடாது. "கம்ப்யூட்டர் படிப்பவனுக்குத் தமிழ் எதற்கு?" என்று கேட்காதீர்கள். பேசத் தெரியாதவன் பத்துப் பேரை நடத்த முடியாது. எழுதத் தெரியாதவன் கற்றதைக் காப்பாற்ற முடியாது. ஆங்கிலமும் வேண்டும். அதற்காகத் தமிழை விற்க வேண்டியது இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம், "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்று கேளுங்கள். அம்மாவுக்கு அந்தப் பாடம் தெரியாமல் இருக்கலாம். அதனால் என்ன? தெரியாதவருக்குப் புரியும்படி சொன்னால்தான் பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். திருமணம், பிரசவம், குழந்தை வளர்ப்பு என்று வேலையை விட்டு விலகும் பெண்கள் ஏராளம். ஐந்து ஆண்டு கழித்துப் பழைய வேலைக்குத் திரும்ப முயன்றால் கதவு சாத்தியிருக்கிறது. ஆனால் கற்பிக்கவும் எழுதவும் தெரிந்த பெண்ணுக்கு வேறு கதவு இருக்கிறது. எழுத்தில் பெண் எந்த உயரத்துக்குப் போகலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சொல்ல வேண்டியது இல்லை. ஆண்டாள் பிறந்த ஊர் அது.

ஆசிரியர் பட்டம் இல்லாவிட்டால் கற்பிக்க முடியாதா? 2021-ல் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவால் பள்ளிப் படிப்பை இழந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டம். 12-ம் வகுப்புப் படித்த பெண்களும் பட்டம் பெற்ற பெண்களும் தெருத் தெருவாக மாலை வகுப்பு நடத்தினார்கள். திண்ணை பள்ளிக்கூடம் ஆயிற்று.

படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த வட்டாரத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் பலர். புரட்டாசிக்கு வருகிறார்கள். பொங்கலுக்கு வருகிறார்கள். கோவிலுக்கு நன்கொடை கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான்.

இன்னும் ஒரு நன்கொடை பாக்கி இருக்கிறது. அது அறிவு நன்கொடை.

விடுமுறையில் வரும்போது ஒரு நாள், தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். தலைமை ஆசிரியரின் அனுமதியோடு ஒரு மணி நேரம் பிள்ளைகளிடம் பேசட்டும். என்ன வேலை செய்கிறோம், அதில் என்ன கஷ்டம், எதைப் படித்தால் நல்லது என்று உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். சம்பளத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டாம்.

அதோடு எழுதட்டும். எளிய தமிழில் எழுதட்டும். இருபது ஆண்டு வேலை பார்த்தவரின் அனுபவம் அவரோடு மறைந்து போகக் கூடாது. நாற்பது பக்கம் எழுதினாலும் போதும். அந்த நாற்பது பக்கம் ஒரு பையனின் நாலு ஆண்டை மிச்சப்படுத்தும்.

கல்லூரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. வேலையில் பழுத்தவர்களை வகுப்புக்கு அழைக்க வேண்டும். வேலை இழந்த அனுபவசாலியை "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கக் கூடாது. பத்து நாள் வகுப்பு நடத்தி ஒரு தலைமுறையை உருவாக்கினார்கள் கான்பூரில். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் அது ஏன் முடியாது?

எந்திரம் வரும். புது எந்திரம் பழைய எந்திரத்தைத் தள்ளும். 1963-ல் கான்பூருக்கு வந்த கம்ப்யூட்டர் இன்று பயன்படாது. ஆனால் அன்று கற்பித்த பாடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மாணவர்களிடம் இருக்கிறது. மாணவர்களின் மாணவர்களிடமும் இருக்கிறது.

அடுத்த புரட்டாசியில் குன்றின் படியில் உறவினர்கள் சந்திப்பார்கள். "மகன் என்ன படிக்கிறான்? மகள் என்ன படிக்கிறாள்?" என்று கேட்பார்கள்.

அதோடு இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்.

"படித்ததை யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?"

அதற்கும் நல்ல பதில் வந்தால், அந்தக் குடும்பத்துக்குக் கவலை குறைவு.